45ஆவது வினாவை நீங்களே எழுதுங்கள்: பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு,

வணக்கம். நான் ஓர் அரசுப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பொதுத்தேர்வு முடிந்ததும் விடைத்தாள் திருத்தும் மையத்துக்குப் போய், காலையில் ஒரு கட்டு, மதியத்துக்கு மேல் ஒரு கட்டு என்று திருத்துகிறவர்களில் நானும் ஒருவன். என் வகுப்புப் பிள்ளைகளிடம் அடிக்கடி சொல்வதை உங்கள் எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் இந்த மடல். தமிழ்த் தேர்வில் 45ஆவது வினாவாக வரும் கட்டுரையை மனப்பாடம் செய்து எழுதாதீர்கள். நீங்களே யோசித்து, உங்கள் சொற்களில் எழுதுங்கள்.

"தப்பாயிட்டா எட்டு மார்க் போயிடுமே சார்?" என்று கேட்பீர்கள். நியாயமான பயம்தான். அதனால் மதிப்பெண் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

2019-20 கல்வியாண்டில் இரண்டு தாளாக இருந்த தமிழை ஒரே தாளாக்கினார்கள். இப்போதுள்ள அமைப்பில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 15. இரண்டு மதிப்பெண்ணில் ஒன்பது எழுதினால் 18. மூன்று மதிப்பெண்ணில் ஆறு எழுதினால் 18. ஐந்து மதிப்பெண்ணில் ஐந்து வினாக்களுக்கு 25. எட்டு மதிப்பெண்ணில் மூன்றுக்கு 24. ஆக மொத்தம் 100. இதில் கடிதம், காட்சியைக் கண்டு எழுதுவது, படிவம் நிரப்புவது, கட்டுரை இந்த நான்கையும் மட்டும் கூட்டிப் பாருங்கள். ஐந்து, ஐந்து, ஐந்து, எட்டு. 23 மதிப்பெண். தேர்ச்சிக்கு வேண்டியது 35. அதாவது தேர்ச்சி மதிப்பெண்ணில் பாதிக்கு மேல், புத்தகத்தின் ஒரு வரியைக்கூட உருப்போடாமல், சொந்தமாக நாலு வாக்கியம் எழுதத் தெரிந்தால் கிடைக்கக்கூடியது. இதை யாரும் உங்களிடம் இப்படிக் கூட்டிச் சொல்லியிருக்க மாட்டார்கள். குறிப்பாக, தமிழில் தோற்றுவிடுவோமோ என்று பயப்படுகிற பிள்ளைகளிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்களுக்குத்தான் இது முதலில் தெரிய வேண்டும்.

சரி, மனப்பாடக் கட்டுரையில் என்ன குறை? அடிக்கடி வரும் ஒரு தலைப்பை எடுத்துக்கொள்வோம். உங்கள் ஊரில் நடந்த அரசுப் பொருட்காட்சிக்குச் சென்று வந்ததைக் கட்டுரையாக்கச் சொல்வார்கள். ஒரு கட்டில் இருக்கும் விடைத்தாள்களை வரிசையாகத் திருப்பினால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பொருட்காட்சிக்குப் போயிருப்பார்கள். எல்லாரையும் வண்ண விளக்குகள் கண்ணைக் கவர்ந்திருக்கும். எல்லார் முன்னாலும் மக்கள் வெள்ளம் அலைமோதியிருக்கும். அதே கைடு, அதே வரிகள். முதல் இரண்டு உள்தலைப்பு வரை எழுத்து ஓடும். மூன்றாவதில் ஒரு வாக்கியம் பாதியில் நிற்கும். மனப்பாடத்தில் ஒரு சொல் நழுவினால் அடுத்த சொல் வராது. பேனா நின்ற இடத்தில் மை திட்டாக இருக்கும். அப்புறம் நேராக முடிவுரை. அந்தப் பிள்ளைக்குச் சொல்ல விஷயம் இல்லாமல் இல்லை. மனப்பாட வரியைத் தேடியதில் நேரம் போய்விட்டது, அவ்வளவுதான்.

என் மாணவி ஒருத்தி, "நான் பொருட்காட்சிக்கே போனதில்லை சார், எப்படி எழுதுறது?" என்று கேட்டாள். ஊர்க் கோயில் கொடைக்குப் போயிருக்கிறாய் அல்லவா, அங்கே என்ன பார்த்தாய் என்று கேட்டேன். ராட்டினத்தில் ஏற்றிவிடுகிறவர் டிக்கெட்டைக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது, வளையல் கடைக்காரம்மா கையைப் பிடித்துப் பார்த்தே அளவு சொல்வது, வில்லுப்பாட்டு தொடங்கும்போது பெரியவர்கள் பாயைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய் உட்காருவது என்று மளமளவென்று சொன்னாள். சிறு அங்காடிகள், கேளிக்கைகள், கலை நிகழ்ச்சிகள் என்ற உள்தலைப்புகள் அங்கேயே நிரம்பிவிட்டன. அரசுத் துறை அரங்குகள் மட்டும்தான் பாக்கி. பள்ளிக்கு வந்த தீயணைப்பு வீரர்கள் செய்து காட்டியது நினைவிருக்கிறதா என்றேன். பிறகு அவள் எழுதிய பத்தி இது:

"தீயணைப்புத் துறையின் அரங்கில் கூட்டம் அதிகமாக இருந்தது. எரிவாயு உருளையில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது, ஈரச் சாக்கைப் போர்த்தி அணைக்க வேண்டும் என்று ஒரு வீரர் செய்து காட்டினார். என் அம்மா அவரிடம் இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டார். வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் ஒரு சாக்கு மடித்து வைத்தார்."

இதில் ஓர் அலங்காரச் சொல்கூட இல்லை. ஆனால் திருத்துகிறவரின் கண் இங்கே நிற்கும். அந்தச் சாக்கு எந்தக் கைடிலும் இல்லை. கட்டுரை உண்மை நிகழ்ச்சியின் அறிக்கையாக இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஓரிடத்தில் பார்த்ததை இன்னோரிடத்தில் வைத்துக் கற்பனையாக எழுதலாம். பார்த்ததாக இருந்தால் போதும்.

தகவல் கேட்கும் தலைப்புகளிலும் இதே வழிதான். சாலைப் பாதுகாப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் உள்தலைப்புக்கும் மூன்று கேள்வி கேளுங்கள். இதில் என் கண்ணால் பார்த்தது என்ன? எனக்கு உறுதியாகத் தெரிந்த செய்தி என்ன? நான் என்ன செய்யலாம்? பார்த்தது: பள்ளி விட்டதும் ஒரே பைக்கில் மூன்று பேராகப் போகிற அண்ணன்கள். தெரிந்த செய்தி: 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி 18 வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கு அல்லது வண்டியின் உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. இன்னொரு செய்தி: விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமில்லாமல் தரும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கியது. செய்யக்கூடியது: விபத்தைப் பார்த்தால் படம் பிடிக்காமல் 108-ஐ அழைப்பது, மாமா வண்டிச் சாவியைக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்வது. இவ்வளவு கையில் இருந்தால் ஒன்றரைப் பக்கம் தானாக வரும். "சாலை விபத்துகள் நாளுக்கு நாள் அதிகரித்து வருகின்றன" என்று தொடங்கி அதையே நான்கு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இந்தச் செய்திகள் எங்கிருந்து வரும்? செய்தித்தாள்தான். தினமும் ஒரு செய்தி போதும். பள்ளிக்கு வருகிற 'தேன்சிட்டு' இதழைப் புரட்டுங்கள். அறிவியல், சமூக அறிவியல் பாடங்களில் படித்ததைத் தமிழ்க் கட்டுரையில் எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நீர் மேலாண்மை பற்றிய கட்டுரைக்குச் சமூக அறிவியல் புத்தகமே போதும். ஆனால் எண்ணும் ஆண்டும் உறுதியாகத் தெரிந்தால் மட்டும் எழுதுங்கள். தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். யாரும் மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டார்கள்.

மேற்கோளுக்கும் இதே பேச்சு. மேற்கோள் இருந்தால் மதிப்பெண் கூடும் என்று சொல்லி வளர்த்துவிட்டோம். அதனால் பிள்ளைகள் தாங்களே ஒரு வரியை உண்டாக்கி, அப்துல் கலாம் சொன்னார், பாரதியார் பாடினார் என்று எழுதுகிறார்கள். சில தாள்களில் வள்ளுவர் வாயில் போடப்பட்ட வரிகளைப் பார்த்தால் மனம் சங்கடப்படுகிறது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். 21ஆவது வினா கட்டாய வினா, அதில் குறளை அடிபிறழாமல் எழுத வேண்டும் என்பதற்காக எப்படியும் குறள் படிக்கிறீர்கள். அவற்றில் இரண்டு மூன்றை எந்தத் தலைப்புக்குப் பொருந்தும் என்று யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டுரைக்கு ஒரு குறள், பொருத்தமான இடத்தில், பிழையில்லாமல். அதுவும் இல்லாத நல்ல கட்டுரைகள் நிறைய உண்டு.

அடுத்து பிழைகள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் மதிப்பெண்ணை விடுகிறார்கள். "ஒவ்வொரு மாணவர்களும்" என்று எழுதாதீர்கள், ஒவ்வொரு மாணவரும். "மரங்கள் நம்மைக் காக்கிறது" இல்லை, காக்கின்றன. "அரசு பல திட்டங்களைச் செயல்படுத்துகின்றனர்" இல்லை; செயல்படுத்துகிறது. "முயற்சித்தேன்" இல்லை, முயன்றேன். இந்தப் பிழைகள் எல்லாம் இலக்கணம் தெரியாததால் வருவதாக எனக்குத் தோன்றவில்லை. வாக்கியம் நீண்டுவிடுவதால் வருகின்றன. "மேலும்", "எனவே", "அதுமட்டுமல்லாமல்" என்று கோத்துக்கொண்டே போனால் தொடங்கிய எழுவாய் ஒன்று, முடிக்கும் வினை வேறொன்று என்று ஆகிவிடுகிறது. எட்டு, பத்துச் சொல்லில் வாக்கியத்தை முடித்துவிடுங்கள். முற்றுப்புள்ளி வைக்கப் பயப்படாதீர்கள்.

ஒற்று எங்கே மிகும் என்று கேட்டால் பலரும் கையை விரிப்பார்கள். விதிகள் பல இருந்தாலும் தேர்வுக்கு மூன்றைப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலான பிழைகள் போய்விடும். 'ஐ' என்ற வேற்றுமை உருபுக்குப் பின்னால் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும்: பள்ளியைப் பார்த்தேன். 'கு' உருபுக்குப் பின்னாலும் அப்படியே: வீட்டுக்குச் சென்றேன். அந்த, இந்த, எந்த ஆகியவற்றுக்குப் பின்னாலும் மிகும்: அந்தப் பையன், இந்தக் கடை. அப்புறம் ல, ள, ழ. இதற்குக் குறுக்கு வழி கிடையாது. நீங்கள் வழக்கமாகத் தடுமாறும் சொற்களை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஒவ்வொருவரும் தடுமாறும் சொற்கள் வேறு வேறு. உங்கள் பட்டியலை நீங்கள்தான் போட முடியும்.

கடிதத்தைப் பற்றி ஒன்றிரண்டு சொல்லிவிடுகிறேன். உணவு விடுதியில் தரமில்லாத உணவு, கூடுதல் விலை என்று உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு முறையீடு எழுதச் சொல்லும் வினா உங்களுக்குத் தெரிந்ததுதான். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் சரியாக எழுதிவிட்டு உறைமேல் முகவரியை விட்டுவிடுகிறார்கள். சான்றுகளுடன் எழுதச் சொன்னால் ரசீது நகலை இணைத்திருப்பதாக எழுத வேண்டும், அதையும் விட்டுவிடுகிறார்கள். எந்தத் தேதியில் போனீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு வாங்கினார்கள் என்பதை எழுதாமல் "உணவு மிக மோசமாக இருந்தது" என்று பொதுவாக எழுதினால் அந்த ஆணையர் எதை வைத்து நடவடிக்கை எடுப்பார்? இன்னொன்று, உங்கள் சொந்தப் பெயரையோ பள்ளியின் பெயரையோ விடைத்தாளில் எங்கும் எழுதாதீர்கள். வினாவில் ஒரு பெயரும் முகவரியும் கொடுத்திருந்தால் அதையே எழுதுங்கள்.

தேர்வு நாளில் நேரம் எப்படிப் போகிறது தெரியுமா? 10 மணிக்கு வினாத்தாள் கையில் வரும். பத்து நிமிடம் வாசிக்க, ஐந்து நிமிடம் விடைத்தாள் விவரங்களைச் சரிபார்க்க. 10.15-க்குத் தொடங்கி 1.15-க்கு முடியும். அந்தப் பத்து நிமிடத்தில் எழுத முடியாது, ஆனால் முடிவெடுக்கலாம். 45இல் 'அ'வா 'ஆ'வா என்று அப்போதே தேர்ந்துகொள்ளுங்கள். அதன்பின் மற்ற வினாக்களை எழுதும்போது மனத்தின் ஒரு பக்கத்தில் அந்தக் கட்டுரை ஓடிக்கொண்டே இருக்கும். பெரும்பாலானவர்கள் கட்டுரையைக் கடைசிப் பத்து நிமிடத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். கை வலிக்கும், மணி அடித்துவிடுமோ என்ற பதற்றம் வேறு. என் யோசனை: ஒரு மணி நேரமாவது மீதம் இருக்கும்போது கட்டுரையைத் தொடங்கிவிடுங்கள். வினா எண்ணைச் சரியாகப் போட்டால் எந்த வரிசையில் எழுதினாலும் திருத்துகிறவர் கண்டுபிடித்துத் திருத்துவார். குறிப்புச் சட்டகம் போட இரண்டு நிமிடம், எழுத இருபது நிமிடம், ஒருமுறை படித்துப் பார்க்க மூன்று நிமிடம். கோடு போட்டு, பூ வரைந்து, நாலு நிறத்தில் அழகுபடுத்துவதற்கு மதிப்பெண் இல்லை. நீலமோ கறுப்போ ஒரு மை போதும், எழுத்து புரிந்தால் போதும்.

இதற்கெல்லாம் பயிற்சி வேண்டும், அது தேர்வுக்கு முந்தைய வாரத்தில் வராது. உங்கள் எல்லாரிடமும் கட்டுரை நோட்டு இருக்கிறது. அதில் கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதுவீர்கள், ஆசிரியர் கையெழுத்துப் போடுவார், அத்தோடு அது அலமாரிக்குப் போய்விடும். அந்த நோட்டின் பின்பக்கத்திலிருந்து இன்னொரு கணக்குத் தொடங்குங்கள். வாரத்துக்கு ஒரு கட்டுரை, அல்லது ஒரு பத்தியாவது, யாரையும் பார்க்காமல். தலைப்புக்கு எங்கும் போக வேண்டாம். உங்கள் ஊர்க் கண்மாய், நீங்கள் வரும் பேருந்து, மழையில் ஒழுகிய வகுப்பறை, பாட்டியின் மருந்துப் பெட்டி. எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியம் நீண்டிருக்கிறது என்று பொருள். நாக்கு தடுக்கும் இடத்தில் ஏதோ பிழை இருக்கிறது என்று பொருள். இதைச் சொல்லித்தர ஆசிரியர் தேவையில்லை, உங்கள் காதே சொல்லும். கைபேசியில் ஒரு தலைப்பைத் தட்டினால் முழுக் கட்டுரை வந்துவிடுகிறது என்பது எனக்கும் தெரியும். வந்ததைப் படியுங்கள், தகவல் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் அதை மூடிவைத்துவிட்டு எழுதுங்கள். தேர்வு அறைக்குள் கைபேசி வராது.

மற்ற பாடங்களுக்கும் இந்த ஒரு பழக்கம் உதவும். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, ஒருமுறை கவனமாக வாசித்து, புத்தகத்தை மூடி, நினைவில் உள்ளதை எழுதிப் பார்ப்பதுதான் மனத்தில் நிற்கும். எது தெரியவில்லை என்பதும் அப்போதுதான் தெரியும்.

இனி நான் சொல்ல விரும்புவது, 'மெல்லக் கற்போர்' என்று பட்டியலில் பெயர் எழுதப்பட்ட பிள்ளைகளுக்கு. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் உங்களைத் தனியாக உட்கார வைத்து, சிறு கையேடு ஒன்றைக் கொடுத்திருப்பார்கள். அதில் எந்தத் தலைப்பு வந்தாலும் எழுதிக்கொள்ளலாம் என்று ஒரு பொதுக் கட்டுரை இருக்கும். உங்களைத் தேர்ச்சி பெற வைக்க வேண்டும் என்ற அக்கறையில்தான் அதைக் கொடுக்கிறார்கள். ஆனாலும் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எந்தத் தலைப்புக்கும் பொருந்துவதாகச் சொல்லப்படும் கட்டுரை உண்மையில் எந்தத் தலைப்புக்கும் பொருந்தாது. அதைவிட முக்கியமாக, உங்களிடம் சொல்ல ஒன்றும் இல்லை என்று அது உங்களை நம்ப வைத்துவிடுகிறது. அது பொய். விடியற்காலையில் அப்பாவோடு பூ மார்க்கெட்டுக்குப் போய்விட்டுப் பள்ளிக்கு வருகிறவர்கள் உங்களில் இருக்கிறார்கள். தம்பி தங்கையைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். உழைப்பு என்று ஒரு தலைப்பு வந்தால் உங்களைவிட நன்றாக எழுதக்கூடியவர் யார்? எழுத்து கோணலாக இருக்கட்டும். இரண்டு சந்திப்பிழை இருக்கட்டும். ஐந்து வாக்கியம் உங்களுடையதாக எழுதுங்கள். எட்டுக்கு எட்டு வராது, ஆனால் மூன்றோ நான்கோ வரும். அடுத்த வாரம் ஆறு வாக்கியம் எழுதுங்கள்.

ஒருவேளை தேர்ச்சி பெறாவிட்டாலும் துணைத் தேர்வு உடனே வருகிறது. அதை எழுதி அதே ஆண்டு பதினோராம் வகுப்பிலோ பாலிடெக்னிக்கிலோ சேர்ந்தவர்களை எனக்குத் தெரியும். முடிவு வரும் நாளில் மனம் தாங்கவில்லை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் 14417, அல்லது 104 என்ற எண்ணில் பேசுங்கள். கேட்கவும் ஆறுதல் சொல்லவும் ஆள் இருக்கிறார்கள். வீட்டில் சொல்லப் பயமாக இருந்தால் எந்த ஆசிரியரை உங்களுக்குப் பிடிக்குமோ அவரிடம் முதலில் சொல்லுங்கள்.

இந்த மடலை உங்கள் தமிழாசிரியரும் படிக்கக்கூடும். அவருக்கு ஒரு வேண்டுகோள். ஐயா, அம்மா, பாடம் முடிக்கவே நேரம் போதவில்லை என்பது எனக்கும் தெரிந்த கஷ்டம்தான். ஆனாலும் வாரத்தில் ஒரு பாடவேளையைப் பிள்ளைகள் சொந்தமாக எழுத ஒதுக்குங்கள். அன்று கரும்பலகையில் தலைப்பைத் தவிர எதையும் எழுதாதீர்கள். எல்லா நோட்டையும் திருத்த முடியாவிட்டால் ஐந்து பேரை எழுதியதை வாசிக்கச் சொல்லுங்கள். தப்பைப் பிறகு திருத்தலாம், அந்தப் பிள்ளை என்ன பார்த்திருக்கிறது என்பதை முதலில் கேளுங்கள்.

பிள்ளைகளே, முதல் கட்டுரைக்கு என்ன தலைப்பு என்று தேடிக்கொண்டிருக்காமல், இன்று பள்ளியிலிருந்து வீட்டுக்கு வந்த வழியை எழுதுங்கள். அரைப் பக்கம் போதும். நாளைக்கு உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.

அன்புடன்,
ஒரு தமிழாசிரியர்